தோள்தான் இனிக் கால்: தண்டுவடக் காயத்துக்குப் பின் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் என்னைப் பார்க்க வந்த எல்லாரும் என் கால்களைத்தான் பார்த்தார்கள். பெரியம்மா பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார். மாமா கட்டைவிரலை ஆட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு வைத்தியரின் தைலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிப் போனார். நானும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து வலது தோளில் தசைநார் பிய்ந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடியாமல் ஆறு வாரம் படுத்தே கிடந்தபோதுதான், இத்தனை நாள் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய ஏறி விழுந்தவன். டி10, முழுக் காயம். பன்னிரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி. மருத்துவன் அல்ல. நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ அண்மையில் தண்டுவடத்தில் அடிபட்டு, அறுவை முடிந்து, "இனி உட்காரலாம், பயிற்சி செய்யலாம்" என்று மருத்துவரின் அனுமதியோடு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. அனுமதி கிடைக்கும் முன் எதையும் தொடங்க வேண்டாம். முதுகில் வைத்த கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்பும் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளாது.

முதலில் உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் சி6, டி4, டி12, எல்1 என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும். சி என்றால் கழுத்து, டி என்றால் மார்புப் பகுதி, எல் என்றால் இடுப்பு. மார்புப் பகுதிக்கு ஆங்கிலத்தில் இரண்டு வேறு எழுத்துகளை மருத்துவர்கள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். தமிழில் இரண்டுமே டிதான், குழப்பம் இல்லை. அதன் பக்கத்தில் ஏ முதல் இ வரை ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் முழுக் காயம்: ஆசனவாய்ப் பகுதியில் உணர்வும் இல்லை, இயக்கமும் இல்லை. பி என்றால் உணர்வு கொஞ்சம் எஞ்சியிருக்கிறது. சி, டி என்றால் தசை இயக்கமும் ஓரளவு இருக்கிறது. இ என்றால் பரிசோதனையில் எல்லாம் இயல்பு.

இந்த எண்ணும் எழுத்தும் உங்கள் பயிற்சியின் முகவரி. சி5 காயம் உள்ளவருக்கு முழங்கையை மடக்க முடியும், நீட்டும் வலு இருக்காது. சி6 என்றால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும். டி1-க்குக் கீழே என்றால் கைகள் முழுசாக உங்களுடையவை, ஆனால் வயிற்றுத் தசை எவ்வளவு இருக்கிறது என்பது எண்ணைப் பொறுத்தது. டி6-உம் அதற்கு மேலும் (அதாவது கழுத்துப் பக்கமாக: டி5, டி4 என்று சி வரை) என்றால் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயிற்சி அப்புறம்.

டி6-இலோ அதற்கு மேலோ அடிபட்டவர்கள் வீட்டார் அனைவருக்கும் படித்துக் காட்ட வேண்டிய பகுதி

காயத்துக்குக் கீழே உடம்பில் ஏதோ தொந்தரவு இருக்கிறது: சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது, கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) மடங்கிக்கொண்டது, மலம் இறுகிவிட்டது, கால் நகம் சதைக்குள் வளர்ந்துவிட்டது. உங்களுக்கு வலி தெரியாது. ஆனால் காயத்துக்குக் கீழுள்ள நரம்புகள் அதைக் கண்டு இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. மூளை அனுப்பும் "தளர்த்து" என்ற உத்தரவு காயத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. இரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறுகிறது. தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கும், மூக்கடைக்கும், நாடித்துடிப்பு குறையும். இதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர். மருத்துவமனைகளில் சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தக் கசிவு வரை போகும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். உடனே நிமிர்ந்து உட்கார வையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள்; படுக்க வைக்கவே கூடாது. பெல்ட், வயிற்றுப் பட்டை, இறுக்கமான காலுறை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கத்தீட்டர் குழாயில் மடிப்பு, அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லையென்றால் சிறுநீரைக் கத்தீட்டர் போட்டு வெளியேற்றுங்கள். பத்தில் பல தடவை காரணம் அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் மலம், பிறகு தோல், பிறகு நகம். தலைவலி இறங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கழுத்தில் அடிபட்டவரின் வழக்கமான மேல் அழுத்தம் பெரும்பாலும் 90 முதல் 110-க்குள்தான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 புள்ளி ஏறினாலே அபாயம். ஆனால் அவசரப் பிரிவில் 140-ஐப் பார்ப்பவர் "கொஞ்சம்தான் கூடியிருக்கிறது" என்று சொல்லி, படுக்க வைத்துவிடக்கூடும். ஆகவே உங்கள் வழக்கமான அழுத்தம், காயத்தின் எண், ஏ.டி. என்ற பெயர், "படுக்க வைக்காதீர்கள்" என்ற வரி, இவற்றை ஓர் அட்டையில் எழுதி நாற்காலியில் கட்டித் தொங்கவிடுங்கள். இந்த அழுத்த ஏற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பந்தயத்தில் வேகம் கூட்டிக்கொண்ட வீரர்களும் உண்டு. சர்வதேசப் பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது. மனிதர்கள் எதையும் விட்டுவைப்பதில்லை.

பயிற்சிக்கு உட்காரும் முன்

சிறுநீரை வெளியேற்றிவிடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை கத்தீட்டர் போடுபவர்கள், ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடாமல் நேரத்தை அமைத்துக்கொள்வது வழக்கம். பயிற்சி நேரத்தை அதை ஒட்டி வைத்துக்கொண்டால் பாதி வழியில் நனைந்துபோகும் அவமானம் குறையும். "குறையும்" என்றுதான் சொல்கிறேன். எனக்கு இன்னமும் நடக்கிறது. மாற்று உடை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

அடுத்தது தோல். கைப்பிடி வைத்த கண்ணாடியாலோ, கைப்பேசிக் கேமராவாலோ, உட்காரும் எலும்புகள், வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் ஆகியவற்றைக் காலையும் இரவும் பாருங்கள். "சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்று கையேடுகளில் எழுதியிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் பாரம் படாமல் வைத்தும் மாறவில்லை என்றால் அன்று அந்த இடத்தின்மேல் உட்காரக் கூடாது. கவிழ்ந்தோ பக்கவாட்டிலோ படுத்துச் செய்யும் பயிற்சிகள் மட்டும். ஒரு நாள் பயிற்சியை விடுவது நஷ்டமே இல்லை. படுக்கைப் புண் வந்துவிட்டால் மாதக்கணக்கில் படுக்க வேண்டிவரும்.

பின்பாக்கெட்டில் பர்ஸ், சாவி, தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் மூன்றும் வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள வட்ட மெத்தையையோ லாரி ட்யூபையோ குஷனாகப் போட்டு உட்கார வைப்பார்கள் சிலர். ஓட்டையைச் சுற்றியுள்ள சதையில் இரத்த ஓட்டத்தை அது நெரிக்கும். நல்ல தரமான நுரை மெத்தையோ, காற்றறைகள் உள்ள குஷனோ வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் வேறு எந்தக் கருவியையும் வாங்காமல் இதற்குச் சேருங்கள்.

பாரத்தை இறக்குவதற்கு, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் பெருமையோடு அப்படித்தான் ஐந்து விநாடி தூக்குவேன். நசுங்கிய தோலுக்குள் இரத்தம் மறுபடி நிறைய ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு நிமிடம் யாரால் அந்தரத்தில் நிற்க முடியும்? தோள் போனதுதான் மிச்சம். முன்னால் குனிந்து மார்பைத் தொடைமேல் சாய்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு மேசைமேல் சாயுங்கள், அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு நிமிடம், மறுபக்கம் இரண்டு நிமிடம். பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்கு ஒரு முறை. டீக்கடை வாசலில் பேசிக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

பிறகு வெயில். காயத்துக்குக் கீழே வியர்க்காது, அல்லது குறைவாகவே வியர்க்கும். கழுத்துக் காயம் என்றால் உடம்பு முழுவதுமே கிட்டத்தட்டக் குளிர்விக்க வழியில்லாத என்ஜின். சித்திரை வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ பத்து மணிக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால் காய்ச்சல்போல உடம்பு கொதிக்கும். காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்னப் பாட்டிலைக் கையில் வைத்து முகம், கழுத்து, கைகளில் தெளித்துக்கொள்ளுங்கள். ஈரத்துண்டைத் தோளில் போடுங்கள். தெளித்த நீர் ஆவியாகும்போது வியர்வையின் வேலையைச் செய்யும்.

முதல் வாரங்கள்: உட்காருவதே பயிற்சி

மாதக்கணக்கில் படுத்திருந்தவரைத் திடீரென்று நிமிர்த்தினால் கண் இருட்டும். இரத்தம் கால்களில் தேங்கிக்கொள்வதால் வருவது இது. கட்டிலின் தலைமாட்டைத் தலையணைகளால் படிப்படியாக உயர்த்துங்கள். வயிற்றுப் பட்டை கட்டுங்கள், உட்காரும் முன் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். மயக்கம் வந்தால் பின்னாலிருப்பவர் நாற்காலியை அப்படியே பின்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். (இதையும் ஏ.டி.-யையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதில் முகம் வெளுத்து அழுத்தம் இறங்கும், அதில் தலை வெடித்து அழுத்தம் ஏறும். இந்த மயக்கத்துக்குப் படுக்க வைக்கலாம், ஏ.டி.-க்குக் கூடாது.)

கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மூச்சுதான் முதல் பயிற்சி. இருமும் வலுவைத் தரும் வயிற்றுத் தசைகள் வேலை செய்யாது என்பதால் சளி தேங்கும். மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்துக் கருவியைப் பரணில் போட்டுவிடாமல் தினம் மூன்று நான்கு தடவை, தடவைக்குப் பத்து மூச்சு என்று இழுங்கள். சத்தமாகப் பாடுவதும் நல்ல பயிற்சிதான். பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்ளட்டும்.

கால்களை வீட்டார் மெதுவாக மடக்கி நீட்டுவது வழக்கம். இதில் இரண்டு எச்சரிக்கைகள். காயத்துக்குப் பின் முதல் ஓரிரு வருடங்களில் கால் எலும்புகள் வேகமாகச் சத்திழக்கின்றன. முழங்காலுக்குச் சற்று மேலும் கீழும் உள்ள இடம் மிகவும் நொய்மையாகிவிடும். விறைத்துக்கொண்ட காலை "கொஞ்சம் அழுத்தினால் மடங்கும்" என்று அழுத்தி உடைத்தவர்கள் உண்டு. உடைந்தவருக்கு வலி தெரியாததால் இரண்டு நாள் கழித்து வீக்கத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது, எண்ணெய் தேய்ப்பது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதை உருவித் தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும், உயிர் போகும். வீக்கம் கண்டால் தொடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். வெந்நீர்ப் பை ஒத்தடமும் உணர்வில்லாத இடத்தில் வேண்டவே வேண்டாம். சூடான டீ தம்ளரைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளும் வீரமும் அதே பட்டியலில் சேரும்.

சி6 காயம் உள்ளவர்களுக்கு ஒரு நுட்பம். மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தானாக மடங்கி ஒரு பிடி கிடைக்கும், கவனித்திருப்பீர்கள். விரல் தசைநார்கள் கொஞ்சம் குறுகியிருப்பதால் கிடைக்கும் வரம் அது. அந்தப் பிடியால் சீப்பு எடுக்கலாம், ஸ்பூன் பிடிக்கலாம். பாசத்தோடு தினமும் விரல்களையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பின்னால் வளைத்து நீவிவிடும் அம்மாக்கள் அந்தப் பிடியை அவிழ்த்துவிடுகிறார்கள். மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். விரல்களை நீட்ட வேண்டுமானால் மணிக்கட்டைத் தாழ்த்துங்கள். கையை ஊன்றும்போதும் உள்ளங்கையை விரிக்காமல் விரல்களை மடக்கியே ஊன்றுங்கள்.

தசைக்கு: சைக்கிள் ட்யூபும் ஜன்னல் கம்பியும்

எவ்வளவு செய்வது? தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கென்றே 2018-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வழிமுறையை வெளியிட்டது. உடல் வலுவுக்குக் குறைந்தபட்சம் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், நாற்காலி தள்ளுவதுபோல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி. அதோடு வாரம் இரண்டு முறை, வேலை செய்யும் பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று வலுப் பயிற்சி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பலன் வேண்டுமானால் மூச்சு வாங்கும் பயிற்சி முப்பது நிமிடம், வாரம் மூன்று முறை. அவ்வளவுதான். தினமும் மூன்று மணி நேரம் வியர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் தோளைப் பற்றி யோசிக்கவில்லை.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். சைக்கிள் கடையில் பழைய ட்யூப் கேளுங்கள். பல கடைகளில் சும்மாவே தருவார்கள். வால்வைத் தவிர்த்து வெட்டி, நன்றாகக் கழுவுங்கள். ஜன்னல் கம்பியில் மார்பு உயரத்தில் நடுப்பகுதியை மாட்டி, இரண்டு முனைகளிலும் கைப்பிடிபோல முடிச்சுப் போடுங்கள். நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி, பிரேக் போட்டுவிடுங்கள். வயிற்றுத் தசை இல்லாதவர்கள் அகலமான மென்மையான துணியால் மார்பை நாற்காலியின் முதுகோடு கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ட்யூப் உங்களை ஜன்னலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

முதல் பயிற்சி துடுப்புப் போடுவதுபோல. முழங்கைகளைப் பின்னால் இழுத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நடுமுதுகில் ஒன்றையொன்று தொடுவதாக நினைத்து நெருக்குங்கள். இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக விடுங்கள். பத்து முறை ஒரு சுற்று. ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. மூன்று சுற்று. கடைசி இரண்டு இழுப்பு சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் தோளில் குத்தக் கூடாது.

இரண்டாவது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். என் தோளைக் காப்பாற்றியது அதுதான். முழங்கையை இடுப்போடு ஒட்டி, இடையில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்புங்கள். ட்யூப் மெல்லிய எதிர்ப்பு மட்டும் தர வேண்டும். துண்டு கீழே விழுந்தால் தவறாகச் செய்கிறீர்கள். மூன்றாவது, ட்யூபைக் கம்பியின் உச்சியில் மாட்டிக் கீழ்நோக்கி இழுப்பது.

இவை மூன்றும் இழுக்கும் பயிற்சிகள் என்பதைக் கவனியுங்கள். நாற்காலி தள்ளுவது, எழும்பி மாறுவது என்று நாள் முழுதும் நாம் செய்வது தள்ளும் வேலை. மார்புத் தசை தடித்து, தோள் முன்னால் உருண்டு, மூட்டுக்குள் தசைநார் நசுங்குகிறது. ஜிம்மில் சேர்ந்ததும் மார்புக்கு எடை தூக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் பணிவாக மறுத்துவிட்டு முதுகுக்கு இழுங்கள். இரவில் மல்லாந்து படுத்து, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஐந்து நிமிடம் அப்படியே கிடங்கள். மார்பு மெல்ல விரியும்.

பிடி இல்லாதவர்கள் ட்யூபின் முனையைக் கையில் கிரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ரொம்ப இறுக்காமல், விரல் நுனி நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஒரு கிலோ. மணல் நிரப்பித் தைத்த பழைய பேண்ட் கால் எத்தனை கிலோ வேண்டுமோ அத்தனை கிலோ.

மூச்சு வாங்க: தள்ளுவதிலும் ஒரு கலை இருக்கிறது

வெறும் நாற்காலியைத் தள்ளுவதே போதும், ஒழுங்காகத் தள்ளினால். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணியில் பிடித்து இரண்டு மணி வரை நீளமாகத் தள்ள வேண்டும். பிறகு கையைத் தளர்த்தி, சக்கர விளிம்புக்குக் கீழே வட்டமாகத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். குட்டிக்குட்டியாகப் படபடவென்று தள்ளினால் அதே தூரத்துக்கு இரண்டு மடங்குத் தள்ளல். எல்லாம் தோளின் கணக்கில் சேரும். டயரில் காற்று குறைந்திருந்தால் மணலில் தள்ளுவதுபோல் இருக்கும். வாரம் ஒரு முறை பாருங்கள். சக்கரத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கை செங்கோணத்தைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். மருத்துவமனைகளில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் கனத்த மடக்கு நாற்காலிகளில் இது அமையவே அமையாது. அவை பின்னாலிருந்து தள்ளுபவருக்காகச் செய்யப்பட்டவை.

தள்ள இடம்? நம் தெருக்களைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். பள்ளி மைதானம், கல்யாண மண்டபத்தின் காலிக் கூடம், ரயில் நிலைய நடைமேடை (கூட்டமில்லாத நேரத்தில்), இவை என் இடங்கள். சென்னைக்காரர்களுக்கு 2022 முதல் மெரினாவில் அலை அருகே வரை மரப்பாதை இருக்கிறது. இடமே இல்லையென்றால் மேசைமேல் வைத்துக் கைகளால் மிதிக்கும் சின்ன பெடல் கருவி விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். அதை வழுக்காத பாய் ஒன்றின்மேல் வையுங்கள். முன்னோக்கிக் கொஞ்ச நேரம், பின்னோக்கிக் கொஞ்ச நேரம்.

எவ்வளவு வேகம் என்பதற்கு நாடியை எண்ணுவது எல்லாருக்கும் பயன்படாது. டி6-க்கு மேல் காயம் உள்ளவர்களின் இதயம் எவ்வளவு உழைத்தாலும் நிமிடத்துக்கு 110, 130 அளவிலேயே நின்றுவிடுவது உண்டு. ஆகவே வாயை நம்புங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் வாரம் ஐந்து நிமிடம் தள்ளி, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் மூன்று மாதத்தில் இருபதைத் தொட்டுவிடலாம். அடுத்த நாள் காலை கட்டிலிலிருந்து மாறும்போது தோள் வலித்தால், முந்தின நாள் அதிகம். இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது. வலிக்கும் நாட்களில் இரண்டு இருக்கைகளுக்கும் இடையே வழவழப்பான பலகை போட்டு நகர்ந்து மாறுங்கள். வழிநடத்தும் கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

நிற்பது பற்றி

காலிப்பர் போட்டோ, நிற்கும் சட்டத்தில் கட்டிக்கொண்டோ நிற்கலாமா என்று கேட்பீர்கள். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, எலும்பின் நிலையைப் பார்த்து, நிற்கலாம். விறைப்பு கொஞ்சம் இளகும், எதிரே இருப்பவரின் முகத்தை நேராகப் பார்க்கும் சுகம் இருக்கிறது. நிற்பதால் நரம்பு வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே வாயால் லட்சக்கணக்கில் ஸ்டெம் செல் ஊசி பற்றிச் சொல்வார்கள். நிலத்தை விற்று ஊசி போட்டுக்கொண்டு, குஷன் வாங்கப் பணமில்லாமல் புண்ணோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காயம் முழுமையில்லை என்றால் முதல் வருடத்தில் இயக்கம் ஓரளவு திரும்புவது உண்மைதான். அதற்கான பயிற்சியை மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து செய்யுங்கள்.

அப்படிப்பட்ட இடங்களுக்கு நம்மூரில் பஞ்சமில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1960-களில் வேலூரில் அதற்கென்று தனித்துறையைக் கட்டியெழுப்பினார். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இப்படிப்பட்ட மையத்தில் சில வாரங்கள் தங்கிக் கற்பது, வீட்டில் ஒரு வருடம் தடவிக் கற்பதற்குச் சமம். முக்கியமாக, உங்களைவிட மூன்று வருடம் மூத்த நாற்காலிக்காரர் ஒருவர் தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவதை அங்கே கண்ணால் பார்ப்பீர்கள்.

மனம், தூக்கம், மற்றவை

முதல் வருடம் மோசமாகத்தான் இருக்கும். "தைரியமாக இரு" என்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, அழ வேண்டுமென்றால் அழுதுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கமில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது உங்கள் பலவீனமல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை. அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். உணர்வில்லாத காலில் எரிச்சலும் மின்னதிர்ச்சிபோன்ற வலியும் வருவது கற்பனையல்ல, நரம்பு வலி. அதற்குத் தனி மாத்திரைகள் இருக்கின்றன, கேளுங்கள். தாம்பத்தியம், குழந்தை பற்றிய கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. மருத்துவர் தானாகத் தொடங்கமாட்டார், நீங்கள்தான் தொடங்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கால் தசைகள் வேலை செய்யாததால் முன்பு எரிந்த அளவு இப்போது எரிவதில்லை. பார்க்க வருபவர்கள் எல்லாரும் இனிப்போடு வருவார்கள். சோற்றைக் குறைத்து முட்டை, மீன், சுண்டல், கீரை பக்கம் போங்கள். ஒவ்வொரு கிலோவும் நீங்கள் தோளால் தூக்க வேண்டிய கிலோ.

விளையாட்டு பிடிக்கும் என்றால் பயிற்சி என்ற சலிப்பிலிருந்தே தப்பித்துவிடலாம். இரண்டாம் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை தந்த லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று பதினாறு பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் அதிலிருந்து முளைத்தது. தண்டுவடக் கட்டிக்கு அறுவை செய்துகொண்டு செயலிழந்த தீபா மாலிக் 2016-இல் ரியோவில் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கினார். சிறு வயதில் கார் விபத்தில் அடிபட்ட அவனி லெகாரா டோக்கியோவிலும் பாரிஸிலும் துப்பாக்கி சுடுதலில் தங்கம். நமக்குப் பதக்கம் வேண்டாம். கூடைப்பந்தோ மேசைப்பந்தோ வாரம் ஒரு நாள் போதும். ஊரில் எங்கே விளையாடுகிறார்கள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கும் நாற்காலிக்கும் எப்படியும் அங்கே போகத்தானே வேண்டும்.

என் வாரம் இப்படி: திங்கள், வியாழன் ட்யூப், செவ்வாய், சனி மைதானத்தில் இருபத்தைந்து நிமிடம், மற்ற நாட்களில் மல்லாந்து படுத்துக் கை விரிப்பது மட்டும். ஒரு பழைய டைரியில் தேதி, எத்தனை சுற்று, தோல் எப்படி, தோள் எப்படி என்று நாலு சொல்லில் எழுதி வைக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் புரட்டிப் பார்த்துத் திட்டுகிறார். ட்யூபையும் அதே கணக்கில் மாற்றிவிடுங்கள். வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும், வெடிப்பு முடிச்சுக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். எனக்கு ஒரு தடவை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அறுந்து, மூக்குக் கண்ணாடியைத் தெருவுக்கு அனுப்பிவிட்டது.